கதிருக்கு அடங்காத தொண்டைகள்

அடுத்தவர் தொண்டையிலிருந்து எடுத்த மிளகளவு சதையைப் பத்திரமாக மலையிறக்கிக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும், சில மாதம் கழித்து அந்தத் தொண்டை எப்படி இருக்கிறது என்று வீடு தேடிப்போய் விசாரிப்பதும்தான் என் தொழில்.

இதற்கு முன்னால் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் சாம்பிள் அறையில் இருந்தேன். ஏலத்துக்கு வரும் தூளைச் சிறு டப்பாக்களில் அடைத்து, எண் எழுதி, அடுக்கி வைக்கிற வேலை. தேயிலை விலை சரிந்த வருடங்களில் அந்த அறைக்கு டப்பா வருவது குறைந்தது. பிறகு நின்றது. கோயம்புத்தூரில் ஒரு புற்றுநோய் மருத்துவமனை குன்னூரில் சின்னதாக ஒரு கிளினிக் வைத்திருந்தது. அவர்களுடைய ஆராய்ச்சிக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. ‘சாம்பிள் கையாண்ட அனுபவம் உண்டா’ என்று கேட்டார்கள். பதினோரு வருடம் என்றேன். எந்த சாம்பிள் என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கதவைத் தட்டி ‘எப்படி இருக்கீங்க’ என்று கேட்டு, வருகிற பதிலைப் படிவத்தில் எழுதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் இதைப் படிப்பவர்களில் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் எதையும் விளக்க வேண்டியதில்லை.

பென்சில் எழுத்து

சதை கெடாமலிருக்க ஊற்றும் பார்மலின் புட்டியின் லேபிளில் பேனாவால் எழுதக் கூடாது. ஒரு சொட்டு கசிந்தாலும் மை கரைந்துவிடும். பென்சில் எழுத்துதான் நிற்கும். ஆய்வகத்துக்குப் பெயர் போகாது, எண் மட்டும் போகும். எந்த எண் எந்த மனிதர் என்பது என் பையில் இருந்த நோட்டில் மட்டும் இருந்தது.

புட்டியைப் பஞ்சில் சுற்றி டிபன் பாக்ஸில் வைத்து, மடியில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு பஸ்ஸில் மலையிறங்குவேன். பர்லியாறு வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர எதுவும் இருக்காது. வளைவுக்கு வளைவு பஸ் சாயும்போது நாம் இறங்குகிறோமா மிதக்கிறோமா என்று தெரியாது. அரைத்தூக்கத்தில் மடியிலிருப்பது யாருடைய தொண்டை என்ற நினைப்பு வரும், போகும். கல்லாறு வந்ததும் வெயில் முகத்தில் அடிக்கும். அங்கேதான் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள்.

தினமும் பார்க்கிற கண்டக்டர் ஒருநாள் பக்கத்தில் வந்து நின்று, டப்பாவை அப்படிக் கட்டிப் பிடித்திருக்கிறேனே, உள்ளே என்ன என்று கேட்டார். சாம்பிள் என்றேன். அவருக்கு என்னைத் தரகர் அலுவலகத்து ஆளாகத்தான் தெரியும். கொஞ்ச நேரம் டப்பாவையே பார்த்துவிட்டு, மிகவும் வருத்தத்தோடு சொன்னார்: “இந்த வெலைக்கு இன்னும் யாருங்க சாம்பிள் பாக்கறாங்க? ஊட்லயே காய்ச்சிக் குடிச்சரச் சொல்லுங்க.”

ஒரே பெஞ்சில் இரண்டு பேர்

சின்னையாவும் கனகராஜும் கிளினிக்குக்கு ஒரே நாளில் வந்தார்கள். இருவரும் ஒரே எஸ்டேட். சின்னையா சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். கொழுந்து பறிக்கிற மலையில் அவர் மேஸ்திரி. காலையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வேலை பிரித்துக் கொடுக்கிறவர். அவர் குரல் இரண்டு சரிவைத் தாண்டிக் கேட்கும் என்பார்கள். கனகராஜ் பாக்டரியில் தேயிலை உலர்த்தும் டிரையர் பக்கம் நிற்கிறவர், அன்னூர்ப் பக்கத்துக்காரர். பேசவே மாட்டார். அன்றைக்கும் அவருக்காகச் சின்னையாதான் பேசினார்.

இருவருக்கும் பல மாதமாகக் குரல் கம்மியிருந்தது. சின்னையா பனி என்று நினைத்திருந்தார், கனகராஜ் தேயிலைத் தூசி என்று நினைத்திருந்தார். முன்பெல்லாம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் ஒரு கம்பவுண்டர் இருப்பார். இருமினால் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார். வியாபாரம் விழுந்ததும் டிஸ்பென்சரியைப் பூட்டிவிட்டார்கள். பீடிக்கட்டு மட்டும் கிடைத்துக்கொண்டிருந்தது.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் இருவருக்கும் துண்டு எடுத்தார். இருவருக்கும் குரல்வளையில், ஏறக்குறைய ஒரே இடத்தில், ஒரே அளவில் கட்டி. கதிர்வீச்சு கொடுத்துப் பார்ப்பது, அடங்காவிட்டால் குரல்வளையையே எடுப்பது என்று முடிவானது. எங்கள் பக்கத்தில் கதிர்வீச்சை யாரும் அப்படிச் சொல்வதில்லை, கரண்டு வைப்பது என்பார்கள்.

நான் சம்மதப் படிவத்தைப் படித்துக் காட்டினேன். கரண்டு வைத்தால் ஒருவருக்குக் கட்டி கரைகிறது, இன்னொருவருக்கு அசைவதில்லை. காரணம் கட்டியின் செல்லுக்குள்ளேயே இருக்கலாம், அதற்கு ஏதாவது அடையாளம் இருக்கிறதா என்று தேடுகிறோம், அதற்கு உங்கள் துண்டில் மிச்சம் இருப்பது வேண்டும் என்றேன். கடைசி வரியையும் படித்தேன்: ஆய்வில் தெரிவது உங்களுக்குத் தெரிவிக்கப்பட மாட்டாது. கனகராஜ் பேசாமல் கையெழுத்துப் போட்டார். சின்னையா பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். “என் தொண்டையில எடுத்தது என்னா சொல்லுதுன்னு எனக்கே சொல்ல மாட்டீங்களா மகள்?”

பழுப்பு

ஆய்வகத்தில் அந்தச் சதையை மெழுகில் பதித்து, வெங்காயத் தோலைவிட மெல்லியதாகச் சீவி, கண்ணாடி ஸ்லைடில் ஒட்டுவார்கள். தேடுகிற புரதம் செல்லில் இருந்தால் பழுப்பு நிறம் ஏறும். இல்லாவிட்டால் வெளிர்நீலமாக நின்றுவிடும்.

ஆராய்ச்சியை நடத்துகிற டாக்டர் வசந்தா என்னை மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்துக் காட்டினார். கதிர் போய் செல்லின் மரபு இழையை அறுக்கும். சில செல்கள் அறுந்ததைத் தாமே தைத்துக்கொண்டு பிழைத்துவிடும். சில செல்கள் காற்று எட்டாத உள்பக்கத்தில் வாழப் பழகியவை, கதிருக்கு அவ்வளவு எளிதில் சாகாது. அப்படிப்பட்ட செல்லைக் காட்டிக்கொடுக்கும் என்று சந்தேகப்படுகிற சில புரதங்களுக்குத்தான் இந்தச் சாயம். ஒரு ஸ்லைடு வெளிறிக் கிடந்தது. அடுத்தது கண் நிறையப் பழுப்பு. ஏதோ ஒரு மலையை மேகத்துக்கு மேலேயிருந்து பார்க்கிற மாதிரி, பள்ளத்துக்குப் பள்ளம் அடர்ந்து கிடந்தது. அழகாக இருந்தது என்று சொல்ல இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

எண்ணைப் பார்த்தேன். புட்டியில் பென்சிலால் நான் எழுதிய அதே எண். வெளிறியது கனகராஜ், பழுப்பு சின்னையா.

அப்படியென்றால் இவருக்குக் கரண்டு பிடிக்காதா என்று கேட்டேன். டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். அது யார் என்று அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை. ஆனால் நான் எதற்குக் கேட்கிறேன் என்பது புரிந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி சொன்னார்: “இன்னைக்கு இது வெறும் சந்தேகம் ஸ்டெல்லா. சந்தேகத்தை வச்சு யாரோட குரலையும் அறுக்க முடியாது.”

மூடுபனியில் பெயர்கள்

எனக்குத் தூக்கம் போயிற்று. கரண்டு முழுவதும் வைத்து, அடங்காமல், பிறகு அறுத்தால் புண் ஆறுவது கஷ்டம் என்று கிளினிக்கில் பேசக் கேட்டிருக்கிறேன். அதைவிட முதலிலேயே அறுத்துக்கொண்டால் உயிராவது உறுதி இல்லையா? கரண்டு தொடங்குவதற்கு முன் சொத்தைப் பற்களைப் பிடுங்கி, ஈறு ஆறட்டும் என்று இருவருக்கும் இரண்டு வாரம் கொடுத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ஒரு காலை நான் எஸ்டேட்டுக்கு ஏறினேன், சொல்லிவிடுவது என்று.

பாதை முழுக்க மூடுபனி. மேல் சரிவில் கொழுந்து பறிக்காமல் விட்ட செடிகள் ஆளுயரத்துக்கு வளர்ந்து, பனிக்குள் கூட்டமாக மனிதர்கள் நிற்பதுபோல இருந்தன. எங்கே நடக்கிறேன் என்று தெரியாத ஓர் இடத்தில் குரல் கேட்டது. “செல்லம்மா, பத்து நம்பர் மலை. காளியம்மா, பத்து. ராக்காயி...” கிழிந்த குரல்தான். ஓரங்கள் பிய்ந்துபோன துணி காற்றில் அடிக்கிற மாதிரி. ஆனாலும் ஒவ்வொரு பெயரும் பனியைத் துளைத்துக்கொண்டு போய்ச் சேர்ந்தது. தூரத்திலிருந்து ஒவ்வொருத்தியாகப் பதில் கொடுத்தார்கள். உருவம் எதுவும் தெரியவில்லை. அந்த மலையில் பெயர்கள் மட்டும்தான் இருந்தன.

பிறகு குரல் மாறியது. பத்தாம் நம்பரில் காட்டெருமை நிற்கிறது, எல்லோரும் இடது பக்கம் ஒதுங்கி வாருங்கள் என்று அவசரமில்லாமல், ஆனால் விடாமல் சொல்லிக்கொண்டே இருந்தது. பெண்கள் அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராகப் பனியிலிருந்து வெளியே வந்தார்கள். எண்ணிப் பார்த்து ஆள் சரியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் சின்னையா என்னைப் பார்த்தார்.

என்ன மகள் இவ்வளவு தூரம் என்றார். சொல்ல வந்தது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பல் பிடுங்கின இடம் ஆறிவிட்டதா என்று பார்த்துப்போக வந்தேன் என்றேன். அவர் பொக்கை வாயைத் திறந்து காட்டிவிட்டுச் சிரித்தார். “பல்லு போனா போகுது மகள். வாயத் தொறந்தா ஆளுக பேரு வரணும், அது போதும்.”

முகமூடி

கரண்டு வைக்கிறவர்கள் தலையை அசைக்கக் கூடாது. அதற்காக ஒவ்வொருவர் முகத்துக்கும் வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலை ஒன்றை அழுத்தி, முகமூடி செய்வார்கள். அறைக்குள் ஓர் அலமாரித் தட்டில் எல்லா முகமும் வரிசையாக இருக்கும். கண் மூடிய, பேசாத முகங்கள். கனகராஜின் முகம் சின்னையாவின் முகத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

ஏழு வாரம் இருவரும் மருத்துவமனைப் பக்கத்து விடுதியில் ஒரே அறையில் இருந்தார்கள். சமவெளி வெக்கை சின்னையாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மத்தியானம் ஈரத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு, பனி இறங்குகிறது என்று சொல்லிக்கொண்டே தூங்குவார். கழுத்துத் தோல் இருவருக்கும் கருத்தது. கஞ்சிகூட இறங்காத நாட்கள் வந்தன. நான் போகும்போதெல்லாம் சின்னையா கட்டிலருகில்தான் உட்கார்ந்தேன். இளநீர் வாங்கிப் போனால் முதலில் அவருக்குத்தான். பழுப்பு நிறம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒருவர் இருக்கிறார், அவருக்கும் விழுங்க வலிக்கிறது என்பதையே மறந்துவிட்டேன் என்றால் நம்புவீர்களா?

கனகராஜ் அதைக் கவனித்தாரா என்று தெரியாது. ஒருநாள் நான் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தபோது, கேட்காமலேயே பேசினார். ஏழு வாரத்தில் அவர் என்னிடம் சொன்னது அது ஒன்றுதான். “அந்த மெசினுக்கு அடில படுத்தா, நம்ம டிரையர் ஓடற சத்தமாட்டவே இருக்குதுங்க சிஸ்டர். நல்லாத் தூக்கம் வந்துருது.”

எண் மாறவில்லை

மூன்று மாதம் கழித்துக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சின்னையாவின் தொண்டை சுத்தமாக இருந்தது. கனகராஜின் கட்டி இருந்த இடத்திலேயே இருந்தது. கொஞ்சம் வளர்ந்தும் இருந்தது.

எனக்கு முதலில் சந்தோஷம் வரவில்லை, துக்கமும் வரவில்லை. பயம் வந்தது. புட்டியை மாற்றிவிட்டேனா? ஒரே நாளில் எடுத்த இரண்டு துண்டு, ஒரே டிபன் பாக்ஸ். நோட்டை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பதினோரு வருடத்தில் ஒரு தேயிலை டப்பாவில்கூட எண் மாற்றி எழுதாதவள் நான். ஆனாலும் நேராக டாக்டர் வசந்தாவிடம் போய், நான் தப்பு செய்திருக்கலாம் என்று சொன்னேன். எண்ணுக்குப் பின்னால் இருந்த பெயர்களையும் அன்றைக்குச் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. அறுவைக்கு முன்னால் கனகராஜுக்குப் புதிதாக ஒரு துண்டு எடுத்திருந்தார்கள். அதற்கும் அதே சாயம் போட்டுப் பார்க்கச் சொன்னார். இரண்டு நாள் கழித்து இருவரும் சேர்ந்து பார்த்தோம். முதலில் எடுத்ததைப் போலவே வெளிர்நீலம். எண் மாறவில்லை. அடங்காது என்று நாங்கள் சந்தேகப்பட்ட கட்டி கரைந்துவிட்டது. யாரும் சந்தேகப்படாத கட்டி நின்றுவிட்டது.

அந்த மலைக்கு ஏறிய காலையை நினைத்தேன். நான் வாயைத் திறந்திருந்தால், சின்னையா என்னை நம்பியிருந்தால், ஒன்றுமில்லாததற்கு அந்தக் குரல் போயிருக்கும். அதை டாக்டரிடம் சொல்லி அழுதேன். அவர் ஸ்லைடைப் பெட்டியில் செருகிவிட்டு, என் தோளில் கைவைத்தார். “ஸ்லைடு பொய் சொல்லலை. அது பேசுற பாஷையைத்தான் நாம இன்னும் படிச்சு முடிக்கலை.”

சிலேட்டு

கனகராஜுக்குக் குரல்வளையை எடுத்தார்கள். உயிர் தங்கியது. கழுத்தின் நடுவில் மூச்சு விட ஒரு துளை. புண் ஆற அதிக நாள் பிடித்தது. கழுத்தில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்று இருக்கிறது, பிறகு தரலாம் என்றார்கள். அதுவரைக்கும் மருத்துவமனை வாசலில் வாங்கிய ஒரு சிலேட்டு.

வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டியது என் வேலை. அவர் மனைவி பழனியம்மா கதவைத் திறந்தார். அடுப்படிச் சுவரில், கதவில், காலண்டரின் பின்பக்கத்தில் எல்லாம் எழுத்து. சிலேட்டு போதவில்லையாம். டிரையரில் எந்தச் சூட்டில் தூள் கருகும், அன்னூரில் அவர் படித்த பள்ளிக்கூடத்தில் எத்தனை வேப்பமரம், கல்யாணத்தன்று அவர் கட்டியிருந்த வேட்டி இரவல் என்பது எல்லாம் எழுதியிருந்தார். நான் உட்கார்ந்திருந்த நேரத்திலும் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டே இருந்தார். கழுத்துத் துளையில் கட்டியிருந்த வெள்ளைத் துணி மூச்சுக்கு மூச்சு மெல்ல அசைந்தது.

சாப்பிட முடிகிறதா, தூங்க முடிகிறதா என்று படிவத்தில் இருந்த கேள்விகளைப் பழனியம்மாவிடம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, படிவத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னார். “ஏனுங்க சிஸ்டர், இருவது வருசமா ஒரு வார்த்த பேசுங்கன்னு கெஞ்சுனனுங்க. இப்பத்தான் மனுசனுக்குப் பேசோணும்னு தோணியிருக்குது.”

தணிந்த குரல்

சின்னையா பேசுவதைக் குறைத்துக்கொண்டார். குரல் நன்றாகத்தான் இருந்தது. டாக்டர்களே வியந்த குரல். ஆனால் காலையில் பெயர் கூப்பிடுகிற வேலையை வேறு ஆளிடம் விட்டுவிட்டு, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போகிறவர்களோடு கத்தியைத் தூக்கிக்கொண்டு போனார். கனகராஜ் வீட்டுக்குத் தினமும் வருவார். வந்து தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, உதடு மட்டும் அசைகிற மாதிரி பேசுவார். ஒரே அறையில் படுத்து, ஒரே மெஷினுக்கு அடியில் போய், தான் மட்டும் முழுசாகத் திரும்பி வந்ததை அவரால் தாங்க முடியவில்லை. கூட்டாளிக்கு முன்னால் சத்தமாகக் கதைப்பதற்கு வெட்கமாக இருக்கிறது என்று வழியில் என்னிடம் சொன்னார்.

ஒரு சாயங்காலம் மூவரும் இருக்கும்போது நான் போனேன். கதவு திறந்திருந்தது, பனி அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்திருந்தது. சொல்ல எனக்கு அனுமதி இல்லை. சொன்னேன். இரண்டு ஸ்லைடையும் பார்த்ததை, பழுப்பைப் பார்த்துச் சின்னையாவுக்காகப் பயந்ததை, அறுத்துக்கொள்ளச் சொல்லத்தான் அன்றைக்கு மலையேறினேன் என்பதை, சொல்லாமல் பல்லைப் பற்றிக் கேட்டதை. கனகராஜுக்காக ஒருநாள்கூடப் பயப்படவில்லை, இளநீரைக்கூட இரண்டாவதாகத்தான் கொடுத்தேன் என்பதையும் சொன்னேன்.

சின்னையா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பழனியம்மா என் கையைப் பிடித்தார், பிடித்ததை விடவில்லை. கனகராஜ் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். சிலேட்டுக் குச்சியின் சத்தம் வெகுநேரம் கேட்டது. எழுதி முடித்து, என்னிடம் காட்டாமல் சின்னையாவின் மடியில் வைத்தார். கண்ணாடி கொண்டுவரவில்லை, நீயே படி மகள் என்று சின்னையா என்னிடம் நீட்டினார். நான் சத்தமாகப் படித்தேன்: “மேஸ்திரி, இந்த சிஸ்டரு வாய மூடிட்டு இருந்ததுனாலதான் உங்க வாய் பொழச்சுது. அதய மெல்லப் பேசி வீணாக்காதீங்க.”

யாருக்காகப் பயப்பட வேண்டும் என்று முன்கூட்டியே சொல்கிற அடையாளம் இன்னும் எங்கள் ஸ்லைடில் தென்படாததால், இப்போதைக்கு எல்லோருக்காகவும் கொஞ்சம் கொஞ்சம் பயந்து, இளநீரை வரிசை மாற்றி மாற்றிக் கொடுத்து, சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கிறேன்.